எலுமிச்சை உண்டு, பூசணி இல்லை

ராயபுரத்தில் அன்றைக்கு எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை.

உலகத்தில் இதைவிடப் பெரிய கொடுமைகள் நடப்பது பிராங்கிளினுக்குத் தெரியும். ஆனாலும் மே மாத ஞாயிற்றுக்கிழமை, கொளுத்துகிற வெயிலில், கல்மண்டபம் பக்கம் மூன்று சோடாக் கடை ஏறி இறங்கி, மூன்றிலும் "பழம் இல்ல நைனா, பன்னீர் சோடா தரட்டா?" என்று கேட்கப்படுவது தனி ரகக் கொடுமை. பன்னீர் சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கப் போகிறவன் முகத்தோடு அவன் மாடி ஏறினான்.

மாடியில் 'அன்பு துப்பறியும் நிலையம்'. பலகையில் அதற்குக் கீழே 'திருமணப் பொருத்தம் பார்க்கப்படும்' என்றும் இருக்கும். முன்பு குடியிருந்தவர் எழுதி வைத்தது. அழித்துவிடலாம் என்று பிராங்கிளின் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "இருக்கட்டும். வர்ற கூட்டத்துல பாதி அதுக்குத்தான் வருது" என்பது முதலாளி அன்புக்கரசியின் பதில்.

அன்புக்கரசி வியாசர்பாடிக்காரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்வையிடும் வேலையில் பல வருடம் இருந்தவள். மின்கம்பம் வேகமாக வந்து மோதியது, மாடு ராங் சைடில் வந்தது என்றெல்லாம் வாக்குமூலம் கேட்டுக் கேட்டு, இப்போது யாராவது உண்மை பேசினால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

அவள் எதிரே காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பத்து நகத்திலும் கிரீஸ்.

"பிராங்கு, இது டெபோரா. காசிமேட்டுல ஆட்டோ ஓட்டுது. இன்னிக்கு நாலு மணிக்கு எண்ணூர்ல ஆட்டோ ரேஸ் ஃபைனல். இது கடைசி இடத்துலேர்ந்து கிளம்பப் போகுது."

"கடைசியா? நல்லதுதானேக்கா. பின்னாடி எவனும் வந்து இடிக்க மாட்டான்."

டெபோரா அவனைப் பார்த்த பார்வையில் பன்னீர் சோடா சூடானது.

"அண்ணாத்தே, தகுதிச் சுத்துல நான் செகண்டு. எட்டு வண்டில செகண்டு! வெள்ளிக்கெழம ஓட்டிப் பாத்துகினு இருந்தேன், எஞ்சின் ஜாம் ஆய்டுச்சு. ரூல்படி கமிட்டிகிட்ட சொல்ட்டு, அவங்க கண்ணு எதிரலயே வேற எஞ்சின் மாட்டுனேன். எஞ்சின் மாத்துனா கடைசி எடம். அதுவும் ரூலு. சரி, போய் நிக்கிறேன். அதுக்கா அழுறேன்?"

"பின்ன எதுக்கு?"

"ஃபர்ஸ்ட்டு வந்தான் பாரு, செங்குட்டுவன். வெள்ளிக்கெழம அவன் வண்டியும்தான் இருமிகினு இருந்துச்சு. நேத்து பாத்தா புலி மாறி உறுமுது. அவனும் மாத்திருக்கான்க்கா. ஆனா எஞ்சினுக்குக் கமிட்டி போட்ட சீலு அப்படியே கீது. சொன்னா என்னத்தான் பொறாமைன்றாங்க."

அன்புக்கரசி கேட்டாள். "ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

டெபோராவின் குரல் இறங்கியது. "பெரிய ட்ராக்குல, கார் டீம்ல, ஒரு சீசன் ஃபுல்லா ஓட்ட எடம் தராங்க. இருவத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். எனக்கு வர்ற மாசம் முடியுது. இத வுட்டா எனக்கு ஆயுசுக்கும் மூணு சக்கரம்தான்."

"எங்களைப் பத்தி யாரு சொன்னாங்க?"

"தகுதிச் சுத்துல கடைசியா வந்தாரே, மண்ணாங்கட்டி அண்ணன். பாவம், நல்ல மனுசன். 'அநியாயத்த வுடாதம்மா, அன்புக்கரசியாண்ட போ'ன்னு அவர்தான் அனுப்பிச்சாரு."

பிராங்கிளின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். சோடாவைக் குடித்தான். பன்னீர் சோடா பன்னீர் சோடாவாகவே இருந்தது.

*

எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைப்பது ஒரு கலை. அந்தக் கலையில் பிராங்கிளின் ஆரம்ப நிலை மாணவன். பின்னால் அன்புக்கரசி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அது யோசனையா, பிரார்த்தனையா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

ரேஸ் நடப்பது காலியாகக் கிடந்த ஒரு கன்டெய்னர் யார்டில். வாசலிலேயே செங்குட்டுவனின் கொட்டகை. அவன் வண்டி மஞ்சள் பெயின்ட் பளபளக்க நின்றது. அவனும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றான்.

"வா யக்கா, தாராளமா பாரு. சீலு கீதா? கீது. ஒடஞ்சிருக்கா? இல்ல. அப்பால இன்னா டவுட்டு?"

சீல் விவகாரம் எளிமையானது. எஞ்சினை வண்டியோடு சேர்த்து ஒரு இரும்புப் பட்டை பிடித்திருக்கும். பட்டையின் ஒரு முனையை ரிவெட் ஆணி அடித்து வண்டியோடு இணைத்திருப்பார்கள். மறுமுனையில், கன்டெய்னர் கதவுக்குப் போடுகிற அதே சீலைக் கமிட்டி போட்டிருக்கும். எஞ்சினை வெளியே எடுக்கப் பட்டையைத் திறக்க வேண்டும். பட்டையைத் திறக்கச் சீலை உடைக்க வேண்டும். எஞ்சின் நம்பரைப் பார்த்தால் போதாதா என்று முதல் வருடம் ஒருவர் கேட்டார். எல்லா எஞ்சினும் பழைய இரும்புக் கடையில் பிறந்தவை. நம்பரைப் பார்க்க ஆரம்பித்தால் ரேஸ் நடக்காது, வேறு விசாரணைதான் நடக்கும் என்று அவருக்குப் பதில் சொல்லப்பட்டது.

அன்புக்கரசி சீலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குக் கொஞ்சம் பின்னால், முக்கோணமாக மூன்று இடத்தில், நசுங்கிய எலுமிச்சம்பழம். குங்குமம் தடவியது. மேலே டயர் தடம்.

"எலுமிச்சை!" என்றான் பிராங்கிளின். அதில் ஒரு பிரிவுத் துயரம் இருந்தது.

"திருஷ்டிக்கு யக்கா" என்றான் செங்குட்டுவன், யாரும் கேட்காமலே.

"நல்லது" என்றாள் அன்புக்கரசி. "பழத்தை வெச்சு வண்டியை ஏத்தியிருக்கே. பூசணிக்காய் உடைக்கலையா தம்பி? தரையில தோலைக் காணோமே."

"பூசணி எதுக்குக்கா? அது புது வண்டிக்குத்தானே ஒடப்பாங்க?" செங்குட்டுவன் சிரித்தான். "இது நாலு வருசத்து வண்டி. உனுக்கு இதுகூட தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கு. ரொம்ப தேங்க்ஸ்."

வெளியே வந்ததும் பிராங்கிளின் கேட்டான். "யக்கா, இன்னா துப்பு கெடச்சுது? எனுக்குத் தாகம்தான் கெடச்சுது."

"திருஷ்டிக்கு எலுமிச்சையை என்ன பண்ணுவாங்க?"

"மொளகாயோட சேத்துக் கட்டித் தொங்கவுடுவாங்க. இல்லாட்டி சுத்தி முச்சந்தில போடுவாங்க."

"சக்கரத்துக்கு அடியில எப்ப வைப்பாங்க?"

"புது வண்டி எடுத்தா. ஆயுத பூஜைக்கு."

"இது பழைய வண்டி. ஆயுத பூஜை அக்டோபர்ல. அப்ப என்ன புதுசு?" அவள் ஸ்கூட்டரில் ஏறினாள். "இந்த ஏரியாவுல ரேஸ் பசங்களுக்கு யாரு பழம் விக்கிறாங்க?"

*

திருவொற்றியூர் தேரடிப் பக்கம், அம்மன் கோயில் வாசலில் பூவம்மா கடை. மல்லிகை இருந்தது, அரளி இருந்தது, எலுமிச்சைக் கூடை கவிழ்ந்து கிடந்தது.

"பழமா? மூணே மூணு கீது. அதுவும் அம்மனுக்குன்னு எடுத்து வெச்சது."

"எனக்குப் பழம் வேணாம்" என்றாள் அன்புக்கரசி. பிராங்கிளின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் காலை மிதித்தாள். "ஒரு விவரம் வேணும். வண்டிக்குப் பூஜைன்னு வந்தா நீங்க என்னென்ன கட்டிக் குடுப்பீங்க?"

"இன்னா விசேஷம்னு கேப்பேன். வண்டி புச்சுன்னா பழமும் பூசணியும். எஞ்சின் மட்டும் புச்சுன்னா பழம் மட்டும். உசுரு எஞ்சின்லதானே கீது, ஒடம்பு பழசுதானே? ஒடம்புக்கு ஒருக்கா ஒடச்ச பூசணி போதும்."

"மஞ்ச ஆட்டோ செங்குட்டுவன் என்ன வாங்குனான்?"

"பழம்." பூவம்மா பூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்தான். 'எஞ்சின் மாத்திருக்கேன் பூவம்மா, வெளிய சொல்லாதே'ன்னான். நான் எதுக்கு வெளிய சொல்றேன்?"

"அதானே" என்றான் பிராங்கிளின். "உன்ன மாறி அமுக்கமான ஆளு உண்டா?"

"கேக்காத வரிக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் நைனா." பூவம்மாவுக்கு அதில் பெருமை. "அவன் மட்டுமா? லூர்து வந்தான். சர்ச்சுல ஃபாதர்கிட்ட தீர்த்தம் தெளிச்சுகினு, அப்பால எதுக்கும் இருக்கட்டும்னு என்னாண்ட மூணு பழம். ஜாபரு தர்காவுல ஓதிட்டு வந்தான், அவனுக்கும் மூணு. இன்னும் மூணு பசங்க. ஆறு பேரும் ஒவ்வொருத்தனா, திருட்டு முழி முழிச்சுகினு. மாட்டிக்கக் கூடாதுன்னு அம்மனுக்கு ஆளுக்கொரு எலுமிச்ச மாலை வேற வேண்டிகினானுங்க. ஒரு மாலைக்கு நூத்தியெட்டுப் பழம். ராயபுரம் மார்க்கெட்டையே வழிச்சுத் தூக்கினு வந்தேன்."

பிராங்கிளினுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குற்றத்தின் பாதிப்பு நேரடியாகப் புரிந்தது. "யக்கா, என் சோடாவக் கொன்னவனுங்க ஆறு பேரு."

எட்டு வண்டி. ஒருத்தி சொல்லிவிட்டு மாற்றினாள். ஆறு பேர் சொல்லாமல் மாற்றினார்கள். அன்புக்கரசி விரல் விட்டு எண்ணி, கடைசி விரலில் நின்றாள்.

"மண்ணாங்கட்டி?"

"அவன் வாங்கல. ஆனா புண்ணியவான், இந்தப் பசங்க எல்லாத்தையும் 'பூவம்மா கை ராசி'ன்னு சொல்லி அனுப்பிச்சவன் அவன்தான். எனுக்கு யாவாரம் புடிச்சுக் குடுத்துட்டுத் தனக்கு ஒரு பழம் வாங்கல பாரு!"

அன்புக்கரசி அந்தக் கடைசி விரலை மடக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அம்மன் சந்நிதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "அந்த மூணு பழத்தையும் குடுங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா, நியாயமான எஞ்சினுக்குத்தான்."

பிராங்கிளின் கண்ணில் ஒளி வந்தது. "அதுல ஒண்ணு..."

"மூணு சக்கரம், பிராங்கு."

*

கமிட்டித் தலைவர் பரசுராமன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் உட்கார்ந்தே பழகிவிட்டதால், தரையில் உட்கார்ந்தால் அவருக்குத் தீர்ப்பு வராது. ஒரு கன்டெய்னரின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முறையிட வந்தவர்கள் கீழே நின்று கத்த வேண்டும்.

"எலுமிச்சம்பழத்த வெச்சுத் தண்டனை குடுக்கச் சொல்றியாம்மா?" என்று மேலிருந்து குரல் வந்தது. "சீலு ஒடையலையே!"

"தலைவரே, உங்க துறைமுகத்துல கன்டெய்னர்ல கை வைக்கிறவன் சீலை உடைப்பானா?" என்று அன்புக்கரசி கீழிருந்து கத்தினாள்.



"மாட்டான்" என்றார் பரசுராமன், மெதுவாக. "கதவோட ரிவெட்டத் தட்டி எடுத்துட்டு, அந்தப் பக்கமா தொறப்பான். சீலு பாட்டுக்குத் தொங்கிகினு கெடக்கும்." சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் இருந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்ற வருத்தத்தில் ஏணியில் இறங்கினார்.

ஆறு வண்டியிலும் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆறிலும் ரிவெட் புத்தம் புதுசாக, மூக்குத்தி மாதிரி மின்னியது. மண்ணாங்கட்டியின் வண்டியில் மட்டும் ரிவெட் துருப்பிடித்து, வண்டிக்குப் பொருத்தமாக இருந்தது.

செங்குட்டுவன் கத்தினான். "இன்னா தலைவரே அநியாயம்? அரதப் பழசு எஞ்சின வெச்சுகினு எத்தினி ரேஸ் ஓட்றது? வண்டி ஒடஞ்சா மாத்தித்தானே ஆவணும்? அதுக்கு ஒரு தண்டனையா?"

"டேய், இந்த ரூலு எதுக்கு வந்துச்சு தெரியுமா?" என்றார் பரசுராமன். "முன்ன வசதி கீறவன் ரேஸுக்கு ஒரு எஞ்சின் போட்டான். இல்லாதவன் பழச வெச்சுகினு இருமிகினே பின்னாடி வந்தான். அதான் சீசனுக்கு ஒண்ணு, மாத்துனா கடைசி."

"ஆனா எனுக்கு எஞ்சின் தானா ஜாம் ஆச்சு தலைவரே" என்றாள் டெபோரா. "நான் ஆசப்பட்டா மாத்துனேன்?"

"யாரு ஆசப்பட்டு மாத்துனா, யாரு அழுதுகினு மாத்துனான்னு எஞ்சின்ல எழுதியாம்மா இருக்கும்? மாத்துனா மாத்துனதுதான். ஏழு பேரும் பின்னாடி."

பிராங்கிளின் கணக்குப் போட்டுப் பார்த்தான். எட்டு வண்டியில் ஏழு பின்னால் போனால், அந்தப் பின்னால் என்பது எங்கே ஆரம்பிக்கிறது? ஏழு பேரும் தகுதிச் சுற்று வரிசையிலேயே நிற்பார்கள். செங்குட்டுவன் மறுபடியும் டெபோராவுக்கு முன்னால். தண்டனை எல்லோருக்கும் கிடைத்ததால் யாருக்கும் கிடைக்கவில்லை. அரசாங்கம் நடத்துகிற ஆட்கள்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய மாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

"அப்ப சொல்லிட்டு மாத்துன எனுக்கும், சொல்லாம மாத்துன அவனுக்கும் ஒரே தண்டனையா?" டெபோராவின் கண் கலங்கிவிட்டது. "அவங்கள வெளிய அனுப்பு தலைவரே!"

"ஆறு பேர அனுப்புனா ரெண்டு வண்டிதான் ஓடும். கூட்டத்தப் பாத்தியா? என் நாக்காலிய இறக்கிக் கொளுத்திடுவானுங்க. மறைச்சா இன்னா தண்டனைன்னு ரூல்ல இல்ல. எவனும் மறைப்பான்னு நாங்க நெனைக்கல."

"சரி" என்றாள் அன்புக்கரசி. "பின்னாடி போற ஏழு பேருக்குள்ள யாரு முன்ன நிக்கணும்னு ரூல்ல இருக்கா?"

பரசுராமன் யோசித்தார். "இல்ல."

"அப்ப அதை நீங்கதான் முடிவு பண்ணணும். உண்மையைச் சொன்னவ முன்னாடி. பொய் சொன்னவங்க அவ பின்னாடி. இதுக்கு உயரத்துல உட்காரணும்னு அவசியம் இல்ல தலைவரே."

பரசுராமன் செங்குட்டுவனைப் பார்த்தார். டெபோராவைப் பார்த்தார். தரையில் நின்றபடியே அவர் சொன்ன முதல் தீர்ப்பு அது. "மண்ணாங்கட்டி ஃபர்ஸ்ட்டு. டெபோரா செகண்டு. செங்குட்டுவன் மூணு. மிச்சம் வரிசப்படி."

ஊரெல்லாம் சுற்றி, அவள் தகுதிச் சுற்றில் பிடித்த அதே இரண்டாம் இடம்.

*

வண்டிகள் இரண்டு இரண்டாக நின்றன. முதல் வரிசையில் இடப் பக்கம் மண்ணாங்கட்டி, வலப் பக்கம் டெபோரா. மண்ணாங்கட்டிக்குப் பின்னால் செங்குட்டுவன், ஹாரனில் கை வைத்தபடி. பிராங்கிளின் டெபோராவின் மூன்று சக்கரத்துக்கும் முன்னால் பழத்தை வைத்தான். மூன்றாவதை வைக்கும்போது அதை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டான்.

மண்ணாங்கட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எதிரே அவர் மனைவியும் மகளும் செல்போனோடு நின்றார்கள்.

அன்புக்கரசி அவர் வண்டியில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"எங்க வேலைண்ணே உங்களுக்கு?"

"இங்கதான்மா. பக்கத்து யார்டு. கன்டெய்னர் கதவு ரிப்பேரு."

"ரிவெட் அடிக்கிறது?"

"அதுவும்தான்."

"ஆறு வண்டியிலயும் ரிவெட் தலை ஒரே பக்கமா லேசா சாஞ்சிருக்கு. ஒரே கை அடிச்சது. ஆறு பேருக்கும் வழி சொல்லிக் குடுத்து, நீங்களே அடிச்சும் குடுத்து, பூவம்மா கடைக்கும் அனுப்பிட்டு, டெபோராவை என்கிட்ட அனுப்பியிருக்கீங்க."

பிராங்கிளின் நிமிர்ந்தான். பழத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

மண்ணாங்கட்டி கொஞ்சம்கூடப் பதறவில்லை. "வந்து கேட்டானுங்க, அடிச்சுக் குடுத்தேன். என் வண்டில நான் ரூல் எதுனா மீறுனேனாம்மா?"

"உங்க வண்டியில இல்ல. நீங்களும் எஞ்சின் மாத்தியிருக்கலாமே? கடைசி இடத்துல இருந்தவரு. உங்களைத் தண்டிச்சு எங்க அனுப்புவாங்க?"

"அதான் நானும் நெனச்சேன். மாத்துனா மீஞ்சூருக்கா அனுப்புவான்? ஆனா நான் புது எஞ்சின் போட்டாலும் ஏழாவதுதான்மா வருவேன். ஆறு வருசமா ஓட்றேன். முன்னாடி ஏழு வண்டியோட பின்பக்கம் தவிர நான் இந்த ரேஸ்ல ஒண்ணும் பாத்ததில்ல. ஒரு தபா, ஒரே தபா, எதிர்ல எவனும் இல்லாம நின்னு ரோட்டப் பாக்கணும். ஒரு போட்டோ. அவ்ளோதான்."

"ஜெயிக்க வேணாமா?" என்றான் பிராங்கிளின்.

"ஜெயிச்சா கார் ஓட்டக் கூப்புடுவானுங்க. இருவத்தஞ்சு வயசுக்குள்ள வேணுமாம். எனுக்கு மூட்டு வலி நைனா." அவர் டெபோராவின் பக்கம் தலையை ஆட்டினார். "அதுக்குத்தான் ஆளு பக்கத்துல கீதே."

இன்ஷூரன்ஸ் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு வாக்குமூலம் அன்புக்கரசி கேட்டதில்லை. முழுக்க உண்மை, முழுக்க மோசடி. மகளின் கையிலிருந்து செல்போனை வாங்கி, அவளே போட்டோ எடுத்தாள். மண்ணாங்கட்டி முகத்தில், எதிரே காலியாகக் கிடந்த தார்ச்சாலையின் வெளிச்சம் முழுதாக விழுந்தது.

கொடி இறங்கியது.

மூன்று எலுமிச்சை நசுங்கும் சத்தம் பிராங்கிளினுக்கு மட்டும் கேட்டது. டெபோராவின் வண்டி குதிரை போலப் பாய்ந்தது. வலப் பக்கத்து வண்டிகள் அவள் பின்னாலேயே போயின. இடப் பக்கம் எதுவும் நகரவில்லை. மண்ணாங்கட்டியின் வண்டி இருமியது. இன்னொருமுறை இருமியது. பிறகு அமைதியாகிவிட்டது.

"யோவ் பெருசு, நவுருயா!" என்று பின்னால் செங்குட்டுவன் ஹாரனை அழுத்திக்கொண்டே அலறினான். புலி மாதிரி உறுமுகிற புது எஞ்சின் இருந்தும், முன்னால் நிற்கிற பழைய எஞ்சினைத் தாண்ட வழி இல்லை. பின்னுக்கு இழுத்து, வலப் பக்கம் ஒடித்து, அவன் வெளியே வருவதற்குள் டெபோரா முதல் வளைவைத் தாண்டி, அடுக்கி வைத்த கன்டெய்னர்களுக்குப் பின்னால் மறைந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளை அவன் கிட்டத்தில் பார்த்தது கடைசிச் சுற்றில்தான். அப்போதும் பார்த்தது அவள் வண்டியின் பின்பக்கத்தை. அவள் கோட்டைத் தாண்டியதும் காசிமேட்டுக் கூட்டம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அவளை வண்டியோடு தூக்க முயன்று, முடியாமல், அவளை மட்டும் தூக்கினார்கள். "கார் ஓட்டப் போறேன்க்கா!" என்று தோள்களுக்கு மேலிருந்து அவள் கத்தினாள்.

"யக்கா" என்றான் பிராங்கிளின். "அந்தக் கெழம் வேணும்னே நின்னுச்சா, இல்ல எஞ்சின் நெஜமாவே நின்னு போச்சா?"

அன்புக்கரசி புறப்படும் கோட்டைப் பார்த்தாள். எல்லாரும் ஓடி முடித்துவிட்ட அந்தக் காலி இடத்தில், மண்ணாங்கட்டி இன்னும் முதல் ஆளாகவே உட்கார்ந்திருந்தார். கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்துத் தானும் கைதட்டினார். பிறகு, வீட்டுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்பது போல, கீழே இருந்த லீவரைச் சும்மா ஒரு இழுப்பு இழுத்தார்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.